பழைய காருக்குப் புதிய டிஸ்ரிபியூட்டர் வாங்கலாமா?

திருகோணமலை நேயர் ஒருவரின் கடிதம் சென்ற வாரம் நமக்குக் கிடைத்தது. தந்தையார் விட்டுச்சென்ற 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 வண்டியை அவர் இன்றும் ஓட்டிவருகின்றார். அண்மைக் காலமாக எஞ்சின் சூடேறியதும் வண்டி நடுவீதியில் நின்றுவிடுகின்றதாம். டிஸ்ரிபியூட்டர் தேய்ந்துவிட்டதென மெக்கானிக் கூறுகின்றார். சந்தையிலோ புத்தம்புதிய டிஸ்ரிபியூட்டர்கள் பல விதமாகவும் பல விலையிலும் கிடைக்கின்றன. எதை நம்பி வாங்குவது என்பது அவருடைய கேள்வி. கடிதத்தின் கடைசியில் வேறொரு செய்தியும் இருந்தது. பழையதைக் கழற்றிக் கொடுத்தால் புதியதன் விலையில் ஒரு சிறு தொகையைக் குறைப்பதாகக் கடைக்காரர் சொன்னாராம். அதை வாசித்ததும், இவ்வாரத்துக்கென எடுத்துவைத்திருந்த விடயத்தை ஒதுக்கிவிட்டு இதனை எழுதத் தொடங்கினோம்.

பதிலை முதலிலேயே கூறிவிடுகின்றோம். புதியதை வாங்கினாலும் சரி, வாங்காவிடினும் சரி, பழையதை எவரிடமும் கொடுத்துவிடலாகாது. ஏன் என்பதை விளங்கிக்கொள்வதற்கு அக்கருவி செய்யும் வேலையைச் சற்றே அறிந்திருத்தல் வேண்டும். வண்டி வைத்திராத மாணவர்களும் இப்பகுதியைத் தாண்டிச் செல்லாதிருப்பார்களாக. பௌதிகப் புத்தகத்திலே படிக்கும் மின்தூண்டலை நேரிற் கண்டுகொள்ள இதனினும் நல்ல பொருள் இல்லை.

பற்றரியிலிருந்து வரும் 12 வோல்ட் மின்சாரம் கொயிலின் தடித்த சுற்றுக்களூடாகச் சென்று, டிஸ்ரிபியூட்டரினுள்ளே இருக்கும் பொயின்ட் என்னும் இரு சிறு முனைகள் வழியாக வண்டியின் உடலை அடைகின்றது. முனைகள் மூடியிருக்கும்வரை கொயிலிலே காந்தப்புலம் நிலவும். நடுத்தண்டிலுள்ள நான்கு மூலைக் கட்டை சுழன்று முனைகளைப் பிரித்ததும் அக்காந்தப்புலம் கணத்தில் அழிய, கொயிலின் மெல்லிய சுற்றுக்களிலே பல்லாயிரம் வோல்ட் பிறக்கின்றது. முனைகளுக்கிடையே தீப்பொறி எழுந்து அவை கருகிவிடாமற் காப்பதும், காந்தப்புலம் விரைந்து அழிய உதவுவதும் கொண்டென்சரின் வேலை. பிறந்த உயர் மின்னழுத்தத்தை மேலே சுழலும் றோட்டர் ஏந்திச் சென்று, எந்தச் சிலிண்டரின் முறையோ அந்தச் சிலிண்டரின் பிளக்குக்குப் பகிர்ந்தளிக்கின்றது. அமெரிக்காவின் டேட்டன் நகரிலே சாள்ஸ் கெற்றறிங் என்பார் வகுத்த இம்முறை 1910ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகத்துப் பெற்றோல் வண்டிகளிற் பெரும்பாலானவை இதனையே நம்பி ஓடின.

எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 தடவை சுழலும்போது நான்கு சிலிண்டருக்குமாகச் செக்கனுக்கு 100 பொறிகள் வேண்டும். ஆயினும் பொறியைத் தோற்றுவிப்பது மட்டும் போதாது. அது உரிய கணத்திலே தோன்றுதல் வேண்டும். பெற்றோற் கலவை எரிந்து முடியச் சிறிது நேரம் செல்லுமாதலால், பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னரே பொறி விழவேண்டும். எஞ்சின் விரைவாகச் சுழலும்போது அந்த "முன்னர்" இன்னும் முந்துதல் வேண்டும். இதற்காகவே பொயின்டின் தட்டுக்குக் கீழே இரு சிறு எடைகளும் இரு சுருள்வில்லுகளும் அமைக்கப்பட்டுள்ளன. வேகம் கூடக்கூட எடைகள் வெளியே விரிந்து பொறியை முந்தச் செய்யும். பக்கத்திலே தட்டையான சிமிழ்போல் ஒட்டியிருப்பது வாக்குவம் கருவி. பாரமின்றி வண்டி மெல்ல ஓடுகையில் அது பொறியை மேலும் முந்தச் செய்து பெற்றோலை மிச்சப்படுத்தும்.

அவ்விரு வில்லுகளும் ஒரே வலுவுடையன அல்ல. ஒன்று மெலிந்தது, மற்றையது தடித்தது, ஆரம்பத்தில் தளர்ந்திருந்து பின்னரே இழுபடத் தொடங்குவது. இன்ன எஞ்சினுக்கு, இன்ன வேகத்தில், இத்தனை பாகை முந்தவேண்டும் என்று தொழிற்சாலையிலே சோதித்துப் பார்த்தே இவற்றைத் தெரிந்தெடுத்தார்கள். பேர்மிங்ஹாம் லூக்காஸ் நிறுவனத்தின் டிஸ்ரிபியூட்டர்கள் வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும். ஆனால் உடலிலே பொறித்த ஐந்திலக்க எண் வேறுபட்டால் உள்ளேயிருக்கும் வில்லும் எடையும் வேறுபடலாம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பாருங்கள். அவ்வெண்ணுடன், செய்யப்பட்ட வாரமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அந்த எண்தான் உங்கள் வண்டியின் சாதகம். பழையதைக் கடையிலே விட்டுவந்தால் சாதகத்தையும் விட்டுவந்ததாகவே முடியும்.

கொழும்பிலே உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற பஞ்சிகாவத்தையிலாயினும் வேறெங்காயினும், "ஐயா, இது எல்லாப் பழைய வண்டிக்கும் பொருந்தும்" என்று ஒருவர் பெட்டியை நீட்டினால் அங்கேதான் கூடிய எச்சரிக்கை தேவை. பொருந்தும் என்பது மெய்யே. துளையில் இறங்கும், எஞ்சினும் இயங்கும். ஆனால் எல்லா வண்டிக்கும் பொதுவாக வைத்த வில்லு எந்த ஒரு வண்டிக்கும் உரிய வில்லாகாது. பொறி பிந்தினால் வண்டி சோம்பிச் சூடேறிப் பெற்றோலைக் குடிக்கும். அதையேனும் பொறுத்துக்கொள்ளலாம். அளவுக்கு மிஞ்சி முந்தினால், குடும்பத்தோடு கண்டிக்குப் போகும் வழியிற் கடுகண்ணாவை ஏற்றத்திலே, தகரப் பேணியில் நாணயங்களைக் குலுக்கினாற்போன்ற கிணுகிணுப்பு எஞ்சினிலிருந்து கேட்கும். கலவை சீராக எரியாமல் வெடித்துப் பிஸ்டனை அடிக்கும் ஓசை அது. அதைக் கேளாதவர்போல் ஏறிக்கொண்டே போனால் பிஸ்டனின் தலை உருகி ஓட்டையாவதும் உண்டு. டிஸ்ரிபியூட்டரில் மிச்சம் பிடித்த பணத்தின் பன்மடங்கை எஞ்சினிற் செலவழிக்க நேரும்.

இனி வாங்குவதற்கு முன் ஒரு விசாரணை. சூடேறியபின் நின்று, ஆறியபின் மீண்டும் இயங்கும் வண்டியில் டிஸ்ரிபியூட்டர் முழுவதையும் குற்றவாளியாக்குவது பொறுமையற்ற செயல். கொண்டென்சர் சூட்டிலே செயலிழப்பது மிகச் சாதாரணம். றோட்டர் அதனினும் பொல்லாதது. இக்காலத்திலே செய்யப்படும் மலிவான றோட்டர்கள் சிலவற்றில் பித்தளைத் தகட்டைப் பிணைக்கும் ஆணி நடுத்தண்டுக்கு மிக அண்மையில் இருப்பதாலும், வார்ப்புப் பொருள் தரங்குறைந்ததாலும், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் றோட்டரைத் துளைத்துத் தண்டுக்குள் இறங்கிவிடும். கண்ணுக்கு அது குற்றமற்றதாகவே தோன்றும். இதைக் கண்டறிய ஒரு பழைய முறை உண்டு. மூடியைக் கழற்றி, கொயிலின் தடித்த வயரின் நுனியை உலர்ந்த மரக்குறட்டினாற் பிடித்து, றோட்டரின் பித்தளைக்கு மேல் 3 மில்லிமீற்றர் உயரத்தில் வைத்துக்கொண்டு, சுவிச்சைப் போட்டுப் பொயின்டை விரலளவு மரத்துண்டினால் நீக்கி நீக்கி விடுதல் வேண்டும். பொறி பாய்ந்தால் றோட்டர் ஒழுகுகின்றது என்பது பொருள். வெறுங்கையால் இதனைச் செய்ய முற்படலாகாது. பெற்றோல் மணம் வீசும் இடத்திலும் செய்யலாகாது. இளைஞர்கள் தனித்துச் செய்யாமல் அனுபவமுள்ளவரை அருகில் வைத்துக்கொள்வார்களாக. நல்ல றோட்டரும் நல்ல கொண்டென்சரும் ஒரு முழு டிஸ்ரிபியூட்டரின் விலையிற் சிறு பங்குதான். ஆணியின்றி வார்க்கப்பட்ட, சற்று விலைகூடிய றோட்டரையே கேட்டு வாங்குங்கள்.

உண்மையிலே தேய்ந்திருப்பின் அதற்குரிய அடையாளம் வேறு. றோட்டரைக் கழற்றிவிட்டு நடுத்தண்டின் தலையை இரு விரலாற் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். வாசல் நிலையில் ஆடும் கதவுபோலத் தடதடவென அசைந்தால் உள்ளேயிருக்கும் புஷ் தேய்ந்துவிட்டது. இத்தகைய வண்டிகளில் பொயின்டின் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு. மில்லிமீற்றரில் ஏறக்குறைய 0.35 முதல் 0.40 வரை. கட்டையின் நான்கு மூலைகளிலும் பீலர் கேஜ் தகட்டினால் அளந்து பார்த்தால், தேய்ந்த டிஸ்ரிபியூட்டர் நான்கிலும் நான்கு அளவு காட்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் வெவ்வேறு கணத்திலே பொறி விழுமாயின் எந்த மெக்கானிக்காலும் எஞ்சினைச் சீராக்க முடியாது.

அப்படித் தேய்ந்திருப்பினும் நம்முடைய முதற் சிபாரிசு புதியதன்று, பழையதைப் புதுக்குவித்தலே. கைதேர்ந்த லேத்துக்காரர் ஒருவர் புஷ்ஷைக் கடைந்து மாற்றித் தருவார். வில்லுகளை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றவோ இழுத்துப் பார்க்கவோ விடாதீர்கள். எடைகளைக் கழுவி, துளி எண்ணெய் இட்டு, தட்டை உடலோடு இணைக்கும் மெல்லிய பின்னல் வயர் அறுந்துள்ளதா எனப் பார்த்து, வாக்குவம் சிமிழைச் சோதித்தல் வேண்டும். சிமிழின் குழாயில் வாயை வைத்து உறிஞ்சினால் தட்டு நகரவேண்டும். நாவினால் அடைத்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்கவேண்டும். திரும்பிவிட்டால் உள்ளேயிருக்கும் மெல்லிய தோல் கிழிந்துவிட்டதெனக் கொள்க. சிமிழை மட்டும் தனியே வாங்கலாம். அங்ஙனம் வாங்கும்போதும் பழைய சிமிழின் மேற் பொறித்துள்ள எண்களை ஒப்பிட்டே வாங்குதல் வேண்டும்.

உடல் வெடித்தோ, துருவேறி இறுகியோ, முன்னைய உரிமையாளரால் ஏற்கெனவே மாற்றப்பட்டோ இருப்பின் புதியதன்றி வழியில்லை. அப்பொழுது பெட்டியின் மேலுள்ள பெயரைக் கண்டு மயங்கிவிடலாகாது. லூக்காஸ் நிறுவனம் 1996இல் அமெரிக்காவின் வறிற்றி நிறுவனத்தோடு இணைந்தது, 1999இல் ரீ.ஆர்.டபிள்யூ. நிறுவனம் அதனை வாங்கிற்று. இன்று அப்பெயர் உரிமம் பெற்றுப் பயன்படுத்தப்படும் பெயரேயன்றி, நம் பாட்டனார் காலத்துப் பேர்மிங்ஹாம் தொழிற்சாலை பெட்டிக்குள்ளே இல்லை. ஆகவே பெயரை விட்டுவிட்டுப் பொருளைப் பாருங்கள். தண்டு பக்கவாட்டில் அசையலாகாது. றோட்டரைப் பிடித்து அது சுழலும் திசையில், அதாவது மொறிஸ் மைனரில் மணிக்கூட்டுக்கு எதிர்த்திசையில், முறுக்கிவிட்டால் சில பாகை சென்று வில்லினால் தானே திரும்பிவரவேண்டும். திரும்பாவிடின், அல்லது மணல் அரைபடுவது போன்ற உணர்வு கையிலே தட்டினால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடியிலுள்ள இரு நாக்குகளும் நட்ட நடுவே அமையாமல் ஒருபுறம் சற்று விலகியிருக்கவேண்டும். அரைச் சுற்றுத் தவறிப் பூட்டுவதைத் தடுக்கவே அவ்வாறு அமைத்தனர். இன்ன எஞ்சினுக்கு இன்ன வேகத்தில் எத்தனை பாகை முந்தும் என்று கேளுங்கள். அட்டவணையொன்றைக் காட்டி விடை தருபவரிடம் வாங்கலாம். கேள்வியே விளங்காதவரிடம் வாங்காதிருத்தல் நலம்.

மின்னணு முறையைப் பற்றிக் கேட்கும் நேயர்களும் பலர். பொயின்டையும் கொண்டென்சரையும் எடுத்துவிட்டு, அவ்விடத்திலே சிறிய உணர்கருவி ஒன்றை வைத்து, தண்டைச் சுற்றி ஒரு காந்த வளையத்தை இடுவது ஒருவகை. தேய்வதற்கு முனைகள் இல்லை. இடைவெளி சரிபார்க்கும் வேலையும் இல்லை. ஆனால் தேய்ந்த புஷ்ஷையும் களைத்த வில்லையும் அது குணப்படுத்தாது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். முழு டிஸ்ரிபியூட்டரையுமே மின்னணுவாகச் செய்வது மற்றொரு வகை. ஒல்லாந்தில் உருவான "123" என்னும் வகை இதில் நன்கறியப்பட்டது. அதிலே எடையும் வில்லும் கிடையா. பொறியை முந்தச் செய்யும் 16 அட்டவணைகளை நினைவிற் கொண்டிருக்கும். சிறிய சுவிச்சைத் திருப்பி உங்கள் எஞ்சினுக்குரியதைத் தெரிந்தெடுக்கலாம். கைத்தொலைபேசி மூலம் அட்டவணையை அமைக்கும் வகைகளும் உண்டு. விலை மிகுதி. வேலைத்திறனைக் குறைகூற இடமில்லை.

ஆயினும் மின்னணுவை நாடுவோர் பற்றரியைத் திறந்து பார்த்தபின்னரே பணத்தை எடுத்தல் வேண்டும். மொறிஸ் மைனரிலும் அக்காலத்துப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றிலும் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டது. இன்றைய வண்டிகளில் எதிர்முனை. எதிர்முனைக்கெனச் செய்த உணர்கருவியை நேர்முனை வண்டியிற் பூட்டினால் கண்ணிமைக்கும் நேரத்திற் கருகிவிடும். கருகியதைத் திருத்தவும் முடியாது. கொயிலின் தடையும் பொருந்தவேண்டும். சாதாரண 12 வோல்ட் கொயிலின் முதற்சுற்று ஏறக்குறைய 3 ஓம். அதிற் பாதித் தடையுள்ள கொயிலைப் பூட்டினால் இக்கருவிகளிற் சில சூடேறி மாளும். வெறுஞ் செப்புக் கம்பியாலான பழைய பிளக் வயர்களும் அவற்றைக் குழப்பும். எஞ்சின் ஓடாமல் சுவிச்சை நெடுநேரம் போட்டுவைத்திருப்பதும் சிலவற்றுக்கு ஆகாது. வண்டி நின்றிருக்க வானொலி கேட்கும் பிள்ளைகளுள்ள வீட்டார் இதனைக் கவனிக்கவும்.

நம்பகம் என்பதன் பொருள் இங்கேதான் இருவகையாகப் பிரிகின்றது. பழுதுபடாதிருப்பது ஒருவகை. பழுதுபட்ட இடத்திலேயே திருத்தக்கூடியதாய் இருப்பது மற்றொரு வகை. மின்னணு முதல்வகையிற் சிறந்தது. பொயின்ட் இரண்டாம் வகையில். 1990ஆம் ஆண்டு தொடக்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் வராதிருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதனை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் வண்டிகளும் சிறிது பெற்றோலினால் உயிர்பெற்று, பின்னர் மண்ணெண்ணெயிலே ஓடி, நோயாளரையும் கர்ப்பிணிப் பெண்களையும் ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றன. மண்ணெண்ணெய் எளிதில் வெடித்து எரிவதாதலால் பொறியைப் பிந்தச் செய்தல் வேண்டும். பழைய டிஸ்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்திக் கையினாற் சற்றே திருப்பினால் அது முடிந்துவிடும். கருகிய பொயின்டை அரத்தாளால் உரசி மீண்டும் பூட்டலாம். அக்காலத்து மெக்கானிக்குகளின் கெட்டித்தனத்தைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதலாம். எவரேனும் எழுதுவாராயின் முதற்பிரதியை நாம் வாங்குவோம்.

எனவே நெடுந்தூரம் செல்லாமல் ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு, புதுக்குவித்த பழைய டிஸ்ரிபியூட்டரே நம் தெரிவு. நாள்தோறும் நெடும்பயணம் போவோரும், பொயின்டைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் அருகில் இல்லாதோரும் நல்ல மின்னணு டிஸ்ரிபியூட்டரை வாங்குவதில் தவறில்லை. விலை மலிந்த, அட்டவணை தெரியாத போலியை இருவருக்கும் நாம் சிபாரிசு செய்யோம். எதனைப் பூட்டினாலும், கழற்றிய பழையதை எண்ணெய் தடவி, பொலித்தீனிற் சுற்றி, சரிசெய்யப்பட்ட பொயின்டும் கொண்டென்சரும் றோட்டரும் மூடியும் கூடவே வைத்து டிக்கியில் இட்டுக்கொள்ளுங்கள். வவுனியாவுக்கு வடக்கே இரவு பத்து மணிக்கு வண்டி நின்றால் அப்பொட்டலத்தின் பெறுமதி தெரியும். கடைக்காரர் குறைத்துத் தருவதாகச் சொன்ன தொகை அதற்கு ஈடாகாது.

பூட்டியபின் செய்யவேண்டியது ஒன்றுண்டு. வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ரைமிங் விளக்கை எஞ்சினின் முன்புறப் புலியின் குறியிலே பிடித்து, வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். குறி தாவாமலும் தயங்காமலும் சீராக நகர்ந்து, வண்டியின் கைந்நூலிற் கூறிய பாகையில் நிற்கவேண்டும். அதற்குமேல் ஓடினால் ஏற்றமான பாதையிற் செல்வதற்கு முன் வில்லுகளைச் சரிபார்ப்பித்துக்கொள்க. புதிய பொயின்டின் நார்க்குதி முதல் சில நூறு மைல்களில் விரைவாகத் தேயும்; இடைவெளி குறுகிப் பொறி பிந்தும். ஆதலால் 500 மைல் ஓடியபின் மறுபடியும் ஒருமுறை அளந்து சரிசெய்தல் வேண்டும். அப்பொழுதே சுழல்கட்டையில் ஒரு மெல்லிய கிறீஸ் பூச்சும், றோட்டருக்கு அடியிலுள்ள திருகாணியின் மேல் இரண்டு துளி எஞ்சின் எண்ணெயும் இடுங்கள். அதிகம் இட்டால் பொயின்டிலே தெறித்துக் கருகும்.

காலையில் எளிதில் இயங்காத காபரேட்டரைப் பற்றி மட்டக்களப்பு நேயர் இருவர் கேட்டிருக்கின்றனர். அவர்களுக்கு அடுத்த ஞாயிறு பதில் கூறுவோம்.